ஈயக்குண்டின் அடியில் ஒரு செப்புத் தொப்பி: கேஸ் செக் என்றால் என்ன?

ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தமக்கு வேண்டிய துப்பாக்கிக் குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வீட்டுக் கொட்டகையில் ஒரு மின்சார உருக்குச் சட்டி, ஓர் அலுமினிய அச்சு, நீளக் கைப்பிடி வைத்த கரண்டி, எங்கிருந்தோ சேர்த்த பழைய ஈயம். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். ஆனால் கைத்துப்பாக்கியிலிருந்து ரைஃபிளுக்கு வந்து, குண்டின் வேகத்தைக் கூட்ட ஆசைப்பட்டதும் சிக்கல் ஆரம்பமாகிறது. குழலின் உட்புறத்தில் ஈயம் படிகிறது. இலக்கு அட்டையில் துளைகள் சிதறுகின்றன. அப்போதுதான் புதிதாக வந்தவர் கேஸ் செக் என்ற பெயரைக் கேள்விப்படுகிறார்.

பார்ப்பதற்கு இது மிகச் சிறிய பொருள். 0.30 அங்குல வகை ரைஃபிளுக்கு உரியது ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு குட்டிக் கிண்ணம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் செப்புக் கலவையால் ஆனது. ஆயிரம் ஆயிரமாகப் பெட்டியில் வரும். இதை ஏற்பதற்கென்றே வார்க்கப்படும் குண்டின் அடிப்பகுதி மட்டும் ஒரு படி குறுகலாக இருக்கும். அந்தக் குறுகிய பகுதியை இங்கே காம்பு என்று சொல்லிக்கொள்வோம். கிண்ணத்தைக் காம்பின் மேல் மாட்டி அழுத்தினால், பக்கவாட்டிலும் அடியிலும் ஈயம் தெரியாதபடி குண்டின் பின்புறம் உலோகக் காப்பு அணிந்துகொள்கிறது. குண்டின் மற்ற பகுதி வெறும் ஈயம்தான்.

இந்தச் சிறிய தொப்பி ஏன் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறது, அதைத் தகட்டிலிருந்து வீட்டிலேயே எப்படி உருவாக்குகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

உருகுவதா, கசிவதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். எரியும் வெடிமருந்தின் வாயுவோ அதைப் போலப் பல மடங்கு சூடு. ஆகவே குண்டின் அடி உருகி ஓடுகிறது, அதைத் தடுக்கவே செப்புத் தொப்பி என்று பலர் சொல்வார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அந்த நேரத்துக்குள் குண்டின் தட்டையான அடிப்பரப்பு முழுவதையும் உருக்கும் அளவுக்கு வெப்பம் உள்ளே இறங்குவதில்லை. ஷாட்கன் தோட்டாவில் ஈயச் சிதறல்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பாருங்கள். அதே எரியும் மருந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அதுவும் வெளியேறுகிறது. சுட்ட இடத்துக்கு முன்னால் நடந்துபோய் அதைப் பொறுக்கி எடுத்தால் கருத்திருக்கும், விரிந்திருக்கும், உருகிப்போயிருக்காது. பிளாஸ்டிக்கே தாங்குகிறது என்றால் ஈயத்தின் மேல் மட்டும் பழிபோட முடியாது.

உண்மையான தொல்லை விளிம்பில் இருக்கிறது. குண்டின் அடிப்பகுதிக்கும் குழலின் உட்சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தில் நிற்கும் வாயு அந்த வழியாகப் பாய்கிறது. 30-30 என்ற பழைய வேட்டைத் தோட்டாவுக்கே இன்றைய உச்ச அழுத்த வரம்பு 42,000 பவுண்டு. 30-06 தோட்டாவுக்கு அது 60,000. பிரஷர் குக்கரில் கேஸ்கட் ஓரிடத்தில் கிழிந்தால் ஆவி எப்படி அந்த ஒரே இடத்தில் சீறுமோ, அப்படித்தான் இங்கேயும். பரந்த பரப்பைச் சூடாக்க முடியாத வாயு, மெல்லிய ஓரத்தை மட்டும் அரித்து எடுத்துவிடுகிறது. அரித்த ஈயம் குண்டுக்கு முன்னால் தெளித்து, குழலில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த குண்டு அதன் மேல் தேய்ந்துகொண்டு போய் இன்னும் கொஞ்சம் ஈயத்தை விட்டுச் செல்கிறது. சில சுற்றுகளிலேயே குழலுக்குள் சாம்பல் நிறப் பட்டைகள் கண்ணுக்குத் தெரியும். அதைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது மாலை முழுவதையும் விழுங்கும் வேலை.

அடுத்தது சுழற்சி. ரைஃபிளின் குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகள் உண்டு. 0.30 வகைக் குழலில் வரிமேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 0.1 மில்லிமீட்டர். பத்து அங்குல ஓட்டத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது வழக்கமான ஒரு கணக்கு. விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு இந்தக் கணக்கில் விநாடிக்கு 2,300 முறைக்கு மேல் சுழல்கிறது. அசையாமல் இருந்த குண்டு ஓர் இமைப்பொழுது கூட ஆகாமல் இந்தச் சுழற்சிக்கு வர வேண்டும். ஈயம் மென்மையாக இருந்தால் வரிகளைப் பிடித்துத் திரும்புவதற்குப் பதிலாக வழுக்கி நேராக ஓடப் பார்க்கும். வழுக்கிய இடத்தில் வரிமேடு வெட்டிய பள்ளம் அகலமாகிவிடும். அகலமான பள்ளம் என்றால் வாயுவுக்கு இன்னொரு வாசல். அடியில் இருக்கும் கடினமான தொப்பி வரிகளை இறுகப் பிடித்துக்கொள்வதால் இந்த வாசல் அடைபடுகிறது.

மூன்றாவதாக, குண்டின் அடி சீராகவும் நேராகவும் இருக்க வேண்டும் என்ற தேவை. குண்டின் மூக்கு நசுங்கினால் குறி தவறும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் பிடிவாதமாகச் சோதித்துப் பார்த்து, முடிவுகளை 1909இல் வெளியிட்டார். வேண்டுமென்றே குண்டுகளின் மூக்கைச் சிதைத்துச் சுட்டார். அடியைச் சிதைத்தும் சுட்டார். மூக்கு சிதைந்தவை அவ்வளவாக விலகவில்லை. அடியின் ஓரம் சிதைந்தவைதான் கன்னாபின்னாவென்று போயின. காரணம் எளிது. குழல் வாயைக் கடக்கும் கணத்தில் கடைசியாகப் பிரிவது அடிதான். அதன் ஒரு பக்கம் பழுதாக இருந்தால் பின்னாலிருந்து பீறிடும் வாயு அந்தப் பக்கமாக முதலில் தப்பி, குண்டைச் சாய்த்துவிடும். கேஸ் செக் இந்த ஓரத்துக்குக் கவசம்.

எங்கிருந்து வந்தது

கருமருந்துக் காலத்தில் யாருக்கும் இது தேவைப்படவில்லை. விநாடிக்கு 400 முதல் 450 மீட்டர் வேகத்தில் போகும் கனமான ஈயக்குண்டு, கொழுப்பு தடவியிருந்தால் தன் பாட்டுக்கு நன்றாகவே நடந்துகொண்டது. 1880களில் நிலைமை தலைகீழானது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இல் செப்பு உறை போர்த்திய குண்டை உருவாக்கினார். பிரான்சில் பால் வியே 1884இல் புகையில்லா வெடிமருந்தைச் செய்து காட்டினார். அமெரிக்க ராணுவம் 1892இல் 30-40 கிராக் ரைஃபிளை ஏற்றது. அதன் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. 1895இல் 30-30 வேட்டைத் தோட்டா சந்தைக்கு வந்தது. உறை போட்ட குண்டுகளுக்கு இந்த வேகமெல்லாம் பிரச்சினை இல்லை. வீட்டில் ஈயம் வார்த்துப் பழகியவர்களுக்குத்தான் கை உடைந்தது.

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஐடியல் என்ற நிறுவனத்தை நடத்திவந்த ஜான் பார்லோ, குண்டு வார்க்கும் அச்சுகளும் தோட்டா நிரப்பும் கருவிகளும் செய்து விற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்தான் இந்தக் குட்டிச் செப்புக் கிண்ணத்தையும் அதை ஏற்கும் காம்புள்ள அச்சுகளையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குண்டு முழுவதற்கும் உறை போடுவதற்குப் பெரிய ஆலை வேண்டும்; அடிக்கு மட்டும் போட்டால் போதாதா என்ற யோசனை. கெட்டிக்காரத்தனம் அந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது. ஐடியல் கருவிகள் பிற்பாடு லைமன் நிறுவனத்தின் கைக்குப் போயின. முற்காலத்துக் கிண்ணங்கள் காம்பின் மேல் சும்மா செருகி நிற்பவை. பறக்கும்போது சில கழன்று விழுந்தன, சில விழவில்லை. நெப்ராஸ்காவின் ஹார்னடி நிறுவனம் ஈயத்தைக் கடித்துப் பிடிக்கும் விளிம்புள்ள வகையை விற்கத் தொடங்கிய பிறகு கழன்று விழும் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

ஈயத்தைக் கடினமாக்கினால் என்ன?

நியாயமான கேள்வி. உலோகம் எவ்வளவு கடினம் என்று காட்டும் பிரினெல் அளவுகோலில் சுத்த ஈயத்தின் கடினத்தன்மை 5 என்றால், பழைய கார் சக்கரங்களின் ஓரத்தில் மாட்டியிருக்கும் ஈய எடைகளுக்கு அது 10 முதல் 12 வரை போகும். கடினத்தைக் கொடுப்பது அதில் கலந்திருக்கும் சில சதவீத ஆன்ட்டிமனி. பழைய அச்சகங்களில் லினோடைப் இயந்திரம் எழுத்து வார்த்த உலோகம் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்ட்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் கலந்தது. அதன் கடினம் 22 வரை. ஒரு காலத்தில் மூடப்பட்ட அச்சகங்களிலிருந்து இதை மூட்டை மூட்டையாக வாங்கியவர்கள் உண்டு. இப்போது அரிது. சக்கர எடைகளும் குறைந்துகொண்டே போகின்றன. வாஷிங்டன், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் ஈய எடைகளுக்குத் தடை போட்டுவிட்டன. அவற்றின் இடத்தில் வந்த துத்தநாக எடை தப்பித்தவறி உருக்குச் சட்டியில் விழுந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் முழுவதும் கஞ்சி போலாகி, அச்சில் சரியாக நிரம்பாது.

கடினமாக்குவதற்கு இன்னொரு விலையும் உண்டு. கடினமான குண்டு நொறுங்கும் குணம் பெறுகிறது. குழலுக்குச் சற்றுச் சிறியதாக இருந்தால் அழுத்தத்தில் விரிந்து இடைவெளியை அடைக்கவும் மறுக்கிறது. சக்கர எடை ஈயத்துக்கு ஒரு கேஸ் செக் மாட்டி விநாடிக்கு 600 மீட்டர் வரை போவது, லினோடைப்பைத் தேடி அலைவதை விட எளிது என்பதே வார்ப்பவர்களில் பெரும்பாலோர் வந்து சேரும் இடம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. கைத்துப்பாக்கியில் குறைந்த வேகக் குண்டுகளைச் சுடுபவர்களுக்குக் கேஸ் செக் தேவையே இல்லை.

தகட்டிலிருந்து கிண்ணம்

அப்படியானால் கடையில் வாங்கிவிடலாமே, ஏன் வீட்டில் செய்ய வேண்டும்? சாதாரண நாட்களில் இந்தக் கேள்விக்கு வலுவான பதில் இல்லை. ஆனால் அமெரிக்காவில் 2012-13லும் 2020-21லும் தோட்டா தொடர்பான எல்லாப் பொருள்களும் கடைகளில் காலியாகின. செப்பு விலையும் ஏறியது. அரிதான பழைய அளவுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கோ எந்தக் காலத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை. அப்போதுதான் பலரும் கூரை ஓரத்துக்கு அடிக்கும் அலுமினியத் தகட்டின் பக்கம் திரும்பினார்கள். வன்பொருள் கடையில் சுருளாகக் கிடைப்பது, மென்மையானது, விலை குறைவு.

தகட்டைக் கிண்ணமாக்கும் வேலை பிரஸ் பட்டறைகளில் அன்றாடம் நடப்பதுதான். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் எப்படிப் பிறக்கிறதோ அதே முறை. முதலில் தகட்டிலிருந்து வட்டத் துண்டு ஒன்றை வெட்ட வேண்டும். பிறகு அந்த வட்டத்தை ஒரு துளையின் மேல் வைத்து, துளையை விடச் சிறிய உருளைத் தண்டால் (பட்டறையில் இதைப் பஞ்ச் என்பார்கள்) உள்ளே தள்ள வேண்டும். வட்டத்தின் நடுப்பகுதி கிண்ணத்தின் அடியாகிறது. ஓரப்பகுதி மடங்கி எழுந்து சுவராகிறது. வீட்டில் பயன்படும் கருவிகளில் இரண்டு வேலையும் ஒரே இழுப்பில் நடக்கும். வெளிப்பஞ்ச் வட்டத்தை வெட்டும். அதற்குள் இருக்கும் உட்பஞ்ச் தொடர்ந்து இறங்கிக் கிண்ணமாக இழுத்துவிடும். தோட்டா நிரப்புவதற்காக ஏற்கெனவே மேசையில் பூட்டியிருக்கும் கைப்பிரஸ்ஸிலேயே இந்தக் கருவியையும் மாட்டிக்கொள்ளலாம். தகட்டை அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள பட்டைகளாக நறுக்கி, ஒரு கையால் நகர்த்திக்கொண்டே மறுகையால் கைப்பிடியை இழுத்தால் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கிண்ணம் கீழே விழும்.

வட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? இதற்கு ஊகம் தேவையில்லை. தகட்டின் தடிமன் மாறாது என்று வைத்துக்கொண்டால், வட்டத்தின் பரப்பும் கிண்ணத்தின் அடியும் சுவரும் சேர்ந்த பரப்பும் சமமாக இருக்க வேண்டும். கிண்ணத்தின் விட்டத்தை அதனாலேயே பெருக்குங்கள், விட்டத்தையும் உயரத்தையும் பெருக்கி நான்கால் மடக்கியதை அதனுடன் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். 7.8 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் உயரம் என்றால் 60.8 கூட்டல் 62.4, மொத்தம் 123.2; அதன் வர்க்கமூலம் 11.1 மில்லிமீட்டர். வட்டம் கிண்ணத்தைப் போல 1.4 மடங்கு. நல்ல மென்தகட்டை ஒரே இழுப்பில் இரண்டு மடங்கு வரை இழுக்கலாம் என்பதால் இங்கே கிழியும் அபாயம் குறைவு. ஆழமில்லாத கிண்ணம் என்பதே வீட்டில் இதைச் சாத்தியமாக்குகிறது. 0.36 மில்லிமீட்டர் தகட்டில் செய்த அலுமினியக் கிண்ணம் ஒன்றின் எடை 0.1 கிராம் கூட வராது. ஆயிரம் சேர்ந்தாலும் ஒரு கைப்பிடிதான். வெட்டிய பிறகு மிஞ்சும் ஓட்டைப் பட்டை தகட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதைக் குறைக்க இரட்டை வரிசையாக வெட்டப் பார்ப்பவர்களும் உண்டு.

பஞ்ச்சுக்கும் துளைக்கும் இடையே தகட்டின் தடிமனை விடச் சிறிதளவு கூடுதலான இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் சுவர் நசுங்கித் தேயும். மிகக் கூடினால் சுவர் சுருக்கம் விழும். துளையின் வாய் ஓரம் வழவழப்பாக வளைந்திருக்க வேண்டும். அந்த ஓரம் கூராக இருந்தால் தகட்டை இழுப்பதற்குப் பதிலாக அறுத்துவிடும். புதிதாகக் கடைந்த கருவியில் கிண்ணத்தின் அடி மட்டும் தனித்தட்டாகப் பிய்ந்து வந்தால், அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் ஒரு துளி எண்ணெய் அல்லது மெழுகு தடவினால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

கிண்ணத்தின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் அது சம உயரமாக இருக்காது. நான்கு இடங்களில் மெல்லிய அலை போல உயர்ந்தும் இடையில் தாழ்ந்தும் இருக்கும். பட்டறையில் இதைக் காது என்பார்கள். ஆலையில் உருளைகளுக்கிடையே நசுங்கி நீண்ட தகட்டுக்கு எல்லாத் திசையிலும் ஒரே குணம் இருப்பதில்லை. இழுக்கும்போது சில திசைகளில் எளிதாக நீள்கிறது. அலை சிறிதாக இருந்தால் கவலை இல்லை. பெரிதாக இருந்தால் ஒரு பக்கச் சுவர் காம்பின் படியை முட்டிக்கொண்டு நிற்க, மறுபக்கம் இடைவெளி விழுந்து, தொப்பி சாய்ந்து உட்காரும்.

செப்புத் தகட்டைப் பயன்படுத்துபவர்கள் அதை முதலில் இளக்கிக்கொள்ள வேண்டும். மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு மெத்தென்று ஆகிவிடும். எஃகுக்கு இதே வைத்தியம் நேர்மாறாக வேலை செய்யும், கடினப்படுத்திவிடும். அலுமினியத்தில் சிவப்பு வரும் வரை காத்திருக்கக் கூடாது. 660 டிகிரியிலேயே உருகும் அந்த உலோகம், நிறம் காட்டாமலேயே தொய்ந்து விழுந்துவிடும்.

தடிமன்தான் கணக்கு

எந்த உலோகம் நல்லது என்ற வாதத்தில் பலர் மணிக்கணக்கில் செலவழிப்பார்கள். என் பார்வையில் அது இரண்டாம் பட்சம். முதலில் பார்க்க வேண்டியது சுவரின் தடிமன்.

0.30 வகைக் குண்டின் காம்பு ஏறத்தாழ 7.2 மில்லிமீட்டர். தொப்பி மாட்டிய பிறகு வெளிவிட்டம் 7.85 மில்லிமீட்டராக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 0.65, பக்கத்துக்கு 0.32 மில்லிமீட்டர். ஆக, 0.32க்குச் சற்றே கூடுதலான தகடு இருந்தால், குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவரும் அளவுத்துளை வழியாக அழுத்தும்போது தொப்பி இறுகி ஈயத்தைக் கவ்விக்கொள்ளும். 0.36 மில்லிமீட்டர் கூரைத்தகடு பலருக்குப் பொருந்திவருவது இதனால்தான். 0.25 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் தொப்பி ஆடும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குளிர்பானக் கேன். காசில்லாமல் கிடைக்கிறதே! ஆனால் கேனின் சுவர் 0.1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். குழலின் வரிமேட்டு உயரமும் அதே 0.1 என்பதை நினைவில் வையுங்கள். வரி அந்தச் சுவரை முழுவதுமாக வெட்டி ஈயத்தைத் தொட்டுவிடும். அதோடு கேன் தகடு மிகக் கடினமான பதத்தில் உருட்டப்பட்டது. இழுத்தால் சுருங்கி மடிகிறது. இரண்டு மூன்று அடுக்காக வைத்து இழுத்தவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன். செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

கிண்ணத்தை மாட்டுவதும் ஒரு தனி வேலை. விரலால் காம்பின் மேல் வைத்து, குண்டை அளவுத்துளை வழியாகத் தள்ளினால் சுவர் உள்ளே நசுங்கி இறுகும். உலோகத் தகட்டுக்கு மீளும் குணம் உண்டு. அழுத்தம் விட்டதும் கொஞ்சம் விரியும். ஈயத்துக்கு அந்தக் குணம் ஏறக்குறைய இல்லை. ஆகவே கடினமான தகட்டில் செய்த தொப்பி, அழுத்தும்போது இறுக்கமாகத் தெரிந்து, வெளியே வந்ததும் தளர்ந்துவிடும். நகத்தால் நெம்பிப் பாருங்கள். கழன்றால் அது பயனற்றது. ஒரு கண்ணாடித் தட்டின் மேல் குண்டை நிற்கவைத்தால் அடி நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சாய்ந்து நிற்பதை மறுபடி உருக்குச் சட்டியில் போடலாம். ஈயம் உருகிய பிறகு தொப்பி மேலே மிதந்து வரும், கரண்டியால் அள்ளிவிடலாம்.

தளர்ந்த தொப்பி குறியை மட்டும் கெடுப்பதில்லை. குண்டைத் தோட்டாவின் கழுத்தை விட ஆழமாகச் செருகினால் தொப்பி மருந்து இருக்கும் அறைக்குள் தொங்கும். கழன்றால் மருந்தோடு சேர்ந்து கிடக்கும். குழலிலேயே எங்காவது தங்கிவிட்டால் அடுத்த குண்டுக்கு அது தடை. தடை உள்ள குழலில் சுட்டால் குழல் வீங்கும், சில வேளை வெடிக்கும். குழல் வாயில் ஒலியடக்கி மாட்டியிருப்பவர்களுக்கு, வெளியேறும்போது பிரியும் தொப்பி உள்தடுப்புகளில் மோதும் கவலையும் உண்டு. ஆகவே வீட்டில் செய்த தொப்பியைக் குறைந்த வேகத்தில் சோதித்து, இலக்கு அட்டையை உற்றுப் பார்ப்பது வழக்கம். குண்டுத் துளைக்குப் பக்கத்தில் சிறு வெட்டு போன்ற இரண்டாவது துளை இருந்தால் தொப்பி வழியில் பிரிந்திருக்கிறது. மணல்மேட்டில் சிக்கிய குண்டைத் தோண்டி எடுத்தால் இன்னும் தெளிவு: நல்ல தொப்பியின் சுவரில் வரிகளின் தடம் கூர்மையாகவும் ஒரே அகலத்திலும் பதிந்திருக்கும். வழுக்கியிருந்தால் தடத்தின் ஒரு பக்கம் அகன்றிருக்கும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவைக் கவனிக்க வேண்டிய வரம்பாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் இறக்கி வைத்தது. கெடுதல் செய்யாத அளவு என்று ஒன்றை அது சொல்லவில்லை. சட்டியின் மேல் மிதக்கும் கசடும் தூசியும் கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் முக்கிய வழி. சமையலறையில் வார்ப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக்குண்டால் வேட்டையாடவே முடியாது. செப்புத் தொப்பி போட்டாலும் அது ஈயக்குண்டுதான்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்க்க நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இங்கே அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரத்தையும்கூட வெடிபொருள் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உரிமமின்றிச் செய்வது சிறைக்குரிய குற்றம். பிரஸ்ஸும் தகடும் கையில் இருக்கிறதே என்று இறங்கிவிடக் கூடாது.

அண்மைக் காலத்தில் கேஸ் செக்குக்கு ஒரு போட்டியாளர் வந்திருக்கிறார். இரும்பு நாற்காலிக்கும் கிரில் கதவுக்கும் அடிக்கும் பவுடர் பூச்சைக் குண்டின் மேல் தூவி, அடுப்பில் சுமார் 200 டிகிரியில் சுட்டு எடுப்பது. ஈயத்தின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தோல் விழுகிறது. கொழுப்புத் தடவ வேண்டியதில்லை, புகை குறைவு, குழலில் ஈயமும் படிவதில்லை. கைத்துப்பாக்கி வேகத்துக்கும் அதற்குச் சற்று மேலும் இதுவே போதும் என்று தொப்பியைக் கைவிட்டவர்கள் பலர். ஆனால் பூச்சு குண்டின் வலிமையைக் கூட்டுவதில்லை. உள்ளே இருப்பது அதே மெத்தென்ற ஈயம். ரைஃபிள் வேகத்தில் வரிகளைப் பிடித்துத் திரும்ப வேண்டிய வேலை அப்படியே மிச்சமிருக்கிறது. அதனால் முதலில் பூச்சுப் போட்டுச் சுட்டு, அதன் பிறகு காம்பில் கேஸ் செக்கையும் மாட்டி அளவுத்துளையில் தள்ளுகிறார்கள். அப்போது பூச்சின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருப்பதால், 0.36 தகட்டுக்குப் பதிலாக ஒரு படி மெல்லிய தகடு பொருந்திவிடுகிறது.